வெள்ளையாய் இருந்தால் தின்பாள்

ஏப்ரல் 4

தாரிணி தினமும் என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறாள் பயிற்சி மையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உணவு ஆலோசகப் பெண். இருபத்து நாலு வயசு இருந்தால் அதிகம். "நீ பிள்ளை பெத்திருக்கியாம்மா?" என்று கேட்டேன். சிரித்தாள். சிரிக்கத்தான் சம்பளம் போலிருக்கிறது.

எழுத என்ன இருக்கிறது? காலை, இட்லி இரண்டு. மதியம், தாளிக்காத தயிர்ச்சோறு. இரவு, மறுபடி இட்லி. ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவுதான் சாப்பாடு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நிறையப் பேர் இப்படித்தானாம். என் மகள் வெள்ளையாய் இருந்தால் தின்பாள். தயிரில் ஒரு கடுகு கிடந்தால் தட்டு சுவருக்குப் போகும். வாழைப்பழம் வெள்ளைதான், ஆனால் வழுவழு என்று இருக்கிறதாம், வாயில் வைக்க மாட்டாள்.

நோட்டில் இடம் நிறைய மிச்சம் இருக்கிறது. நான் என் பாட்டை எழுதிக்கொள்கிறேன். இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு நோட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்தால் போகிறது.

மூன்று நாளாகப் பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கிறது. பக்கத்து வீடு என்றால் யாரோ இல்லை, என் வீட்டுக்காரரின் அக்கா கோமதி மதினி. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மாமனார் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். முன்பக்கம் ஆளுக்கு ஒரு கிரில் கேட், ஆளுக்கு இரண்டு படி. கொல்லை மட்டும் பொது.

நான் மத்தியானம் அரை மணி நேரம் கண் அயர்வேன். அந்த நேரம் பார்த்துத் தாரிணி கொல்லை வழியாக அங்கே போய்விடுவாள் என்பது எனக்குத் தெரியும். அங்கே என்ன நடக்கிறது என்பது தெரியாது. அன்றைக்குத் தூக்கம் வராமல் எழுந்து போய்ப் பார்த்தால், அத்தைக்காரி மேல் சாய்ந்து உட்கார்ந்து கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்! ரொம்ப நாளாகவே நடக்கிறதாம். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்குக் கொய்யா! கொய்யா சளி என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நான் கொடுத்தால் ஒரு துண்டு பழம் தொடாதவள், அங்கே போய் நறுக் நறுக்கென்று கடிக்கிறாள், சந்தோஷம் வந்தால் முனகுகிற அந்த ராகத்தை வேறு இழுக்கிறாள். அதற்காகச் சண்டை போடவில்லை. சளிக்காகத்தான் போட்டேன்.

ஏப்ரல் 5

இட்லி இரண்டு. தயிர்ச்சோறு. இட்லி ஒன்றரை. கொல்லைக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன்.

ஏப்ரல் 8

மத்தியானம் தாரிணி கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நெற்றியால் முட்டினாள். கதவில் தலையணையைக் கட்டிவைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மதினி இருமுவது கேட்டது. வேண்டுமென்றேதான் இருமுகிறாள்.

ஏப்ரல் 17

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வைட்டமின் டி பதினொன்று, இருபதாவது இருக்க வேண்டுமாம். இரும்புச்சத்தும் குறைவு. நம் தெரு டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், பிள்ளையைப் பட்டினி போட்டு நான் நகை வாங்கினேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டி-க்கு வாரம் ஒரு பொடி. அது வெள்ளை, தயிரில் கலந்தால் தெரியாது. மற்றச் சத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு மாத்திரை. அது ஆரஞ்சு நிறம். இவரும் நானும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு கரைத்து ஊற்றினோம். என் சேலை, இவர் சட்டை, சுவர், நாள்காட்டி எல்லாம் சத்து ஏறிவிட்டது. தாரிணி வாய்க்குள் மட்டும் போகவில்லை.

மே 2

நமக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது? மாத்திரையின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு நுணுக்கி, ராத்திரி இட்லி மாவில் கலந்து புளிக்க வைத்துவிடுகிறேன். சின்னக் கிண்ணத்தில் கலந்தால் மஞ்சள் தெரிகிறது, கண்டுபிடித்துவிடுகிறாள். பெரிய சட்டி மாவில் போட்டால் நிறம் கரைந்துபோகிறது. இட்லி பூ மாதிரி வெள்ளை. இரண்டு தின்றாள்.

ஆலோசகப் பெண்ணிடம், "மாத்திரை தினமும் கொடுக்கேன்" என்று மட்டும் சொன்னேன், நோட்டிலும் எழுதினேன். எப்படி என்று சொல்லவில்லை. என் வித்தையை இவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

மே 3

இட்லி இரண்டு. தயிர்ச்சோறு. இட்லி இரண்டு. மதினி வீட்டுக்குக் கொய்யாக்காரன் வந்து மணி அடித்தான். ஒருத்திக்கு எதற்கு ஒரு கிலோ?

ஜூன் 11

பயிற்சி மையத்தில் மாடிப்படி ஏறமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். அடம் என்கிறார்கள். "வீட்ல செல்லம் ஜாஸ்தியோ?" என்று கேட்டாள் தலைமைப் பயிற்சியாளர். இரண்டு மாதமாகச் செல்லம் கொடுக்கிற ஆளையே பூட்டிப் போட்டிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 24

டி இருபத்தாறு! கூடத்தில் நின்று இரண்டு தடவை சத்தமாக வாசித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

தாரிணியைத் தூக்கினால் வீலென்று கத்துகிறாள். வளர்ச்சி வலியாக இருக்கும். நல்லெண்ணெய் தேய்க்கப் போனேன், கையைக் கடித்துவிட்டாள். விடாமல் தேய்த்தேன்.

ஜூலை 2

நடக்கவில்லை. தவளை மாதிரி முட்டியை மடக்கிக்கொண்டே கிடக்கிறாள். கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு முறிவு இல்லை, "இந்த மாதிரிப் பிள்ளைங்க சில நேரம் காரணமில்லாம நடக்காம இருப்பாங்கம்மா, விட்டுப் பிடிங்க" என்றார். பார்த்த நேரம் ஐந்து நிமிஷம். காரணமில்லாமல் காசு வாங்குகிறவருக்கு எல்லாம் காரணமில்லாமல்தான் தெரியும்.

ஜூலை 8

பல் தேய்க்கும்போது ரத்தம். ஈறு நாவல்பழ நிறத்தில் வீங்கிப் பல்லை மூடிக்கொண்டு வருகிறது. தொடையில் இரண்டு இடத்தில் நீலம். எங்கேயும் விழவில்லை, விழுவதற்கு நடக்கவே இல்லையே.

இட்லி அரை.

யாரோ என்னவோ செய்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொன்னேன். "உங்க அக்கா வயித்தெரிச்சல்தான் என் பிள்ளையப் படுத்தப் போட்டிருக்கு" என்றேன். இவர் பெயர் குற்றாலிங்கம். பம்ப் செட் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வயித்தெரிச்சல் யாருக்குட்டி? ராத்திரி பூரா சுவத்துல காத வச்சு, பிள்ளை அழுதாளா தூங்குனாளான்னு காலையில கடைக்கு போன் போட்டுக் கேக்கா அக்கா. நீ அன்னைக்குச் சொன்னது சாதாரண வார்த்தையா? பெத்த பிள்ளையே எட்டிப் பாக்காத ஒங்களுக்கு, எம் பிள்ளை கேக்குதோன்னு கேட்டியே. தெருவே கேட்டுச்சே. அக்கா வீட்டு மாமா செத்ததுக்கு அப்புறம் பெங்களூர்லேந்து அந்தப் பய ஒரு தீபாவளிக்காவது வந்தானா? புண்ணுன்னு தெரிஞ்சுதான குத்துன?"

அவள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் இவர் சொல்லவில்லை. "இனிமே ஒன் வாசப்படிய மிதிச்சா நான் கோமதி இல்ல" என்று சபதம் போட்டதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. என் வார்த்தை மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம்.

ஜூலை 15

பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகள் பிரிவில் ஒரு டாக்டரம்மா. நாற்பது வயதிருக்கும், முகத்தில் சிரிப்பே இல்லை. தாரிணியின் தொடையைப் பார்த்தாள். ஈறைப் பார்க்க முடியாமல் அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். டாக்டரம்மா இவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வீட்ல யாராவது பிள்ளைய அடிக்கிறாங்களா?"

நான் தாரிணியின் பாவாடையை இழுத்துத் தொடையை மூடினேன்.

"நீங்க அடிச்சிருந்தாலும் சொல்லிருங்க. இந்த மாதிரிப் பிள்ளைய வளக்குறது கஷ்டம், எனக்குத் தெரியும். மறைச்சா வைத்தியம் பண்ண முடியாது."

"எம் பிள்ளைய நான் அடிச்சேன்னு இன்னொரு தடவ கேட்டீங்கன்னா இங்கேயே என்ன நடக்கும்னு தெரியாது" என்று கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தாள். தாரிணி காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குள் சுருண்டாள்.

டாக்டரம்மா நர்ஸைக் கையசைத்துத் திருப்பி அனுப்பினாள். "சரி. என்ன சாப்பிடுறா, அதச் சொல்லுங்க" என்றாள்.

இந்த நோட்டைப் பையில்தான் வைத்திருந்தேன். கிழிக்க மறந்துபோன பக்கங்களை மடித்துப் பிடித்துக்கொண்டு காட்டினேன். இட்லி, தயிர்ச்சோறு, இட்லி. இட்லி, தயிர்ச்சோறு, இட்லி. புரட்டிக்கொண்டே போனவள், "ஒரு பழம்? ஒரு எலுமிச்சை? தக்காளி?" என்றாள். வெள்ளை இல்லை என்றேன். ரத்தம் எடுத்தார்கள். நாலு பேர் பிடித்தோம்.

ஜூலை 17

வைட்டமின் சி. அது கிட்டத்தட்ட இல்லவே இல்லையாம். கருவி கண்டுபிடிக்கிற அளவுக்குக்கூட இல்லை. அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போன மாலுமிகளுக்கு வருமாம் இந்த நோய். எலும்பைச் சுற்றி ரத்தம் கசிந்து வலித்ததால்தான் நடக்கவில்லை. அடமும் இல்லை, வளர்ச்சி வலியும் இல்லை. இத்தனை நாள் நான் எண்ணெய் தேய்த்து அமுக்கிய கால் அது.

ஏப்ரலில் டி பார்த்தார்களே, இதைப் பார்க்கவில்லையே என்று கேட்டேன். சந்தேகப்பட்டால்தான் பார்ப்பார்களாம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று சும்மாவா சொன்னார்கள்.

"மாத்திரை தினமும் கொடுத்ததா எழுதியிருக்கீங்க. அதுல சி இருக்கே?" என்றாள் டாக்டரம்மா. பொய் எழுதியிருப்பதாக நினைக்கிறாள் என்று தெரிந்தது. அதனால் என் வித்தையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நுணுக்கியது, பெரிய சட்டி, ராத்திரி புளிக்க வைத்தது, காலையில் வேக வைத்தது.

பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர் பையன் உதட்டைக் கடித்துக்கொண்டான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வைட்டமின் சி சூட்டுல நிக்காதும்மா. மிஞ்சினதுலயும் அவ தின்னது ரெண்டு இட்லி. மத்ததெல்லாம் உங்க வீட்டுக்காரருக்குப் போயிருக்கும்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். சமீபத்தில் ஆள் கொஞ்சம் தெளிவாகத்தான் இருக்கிறார்.

"இன்னொரு கேள்வி. இவ ரெண்டு மூணு வருஷமா இதையேதான் சாப்பிடுறாங்கறீங்க. அப்போ ஏன் இப்ப மட்டும் வந்துச்சு? முன்னாடி ஏதோ ஒண்ணு சாப்பிட்டிருக்கா. அது எங்கேயோ நின்னுபோயிருக்கு. யோசிங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தேன்.

"கொய்யாக்கா" என்றார் இவர். "எங்க அக்கா கொடுப்பா. ஏப்ரல்லேந்து கெடையாது."

"கொய்யாவா? ஆரஞ்ச விட அதுலதான் சி ஜாஸ்தி. ஏன் நிறுத்துனீங்க?"

"சளி" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 21

ஊசி வழியாகச் சத்து ஏறுகிறது. கையில் குழாயைப் பிடுங்காமலிருக்க ஆளுக்கு ஆறு மணி நேரம் காவல். ஈறு வீக்கம் வடிகிறது. முந்தாநாள்வரை காலைத் தொட்டால் அழுதவள், இன்றைக்கு அவளாகவே நீட்டினாள்.

நான் அழுதேன். இவர் பார்க்கவில்லை.

ஜூலை 26

வீட்டுக்கு வந்தாயிற்று. இனிமேல் தினமும் வாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், விட்டால் பழையபடி ஆகும் என்று மிரட்டி அனுப்பியிருக்கிறாள் டாக்டரம்மா. சொட்டு மருந்து ஆரஞ்சு நிறம், ஆரஞ்சு வாசனை. கலர் இல்லாதது எங்கேயும் கிடைக்கவில்லை. மூன்று வேளையும் துப்பினாள். நாலாவது வேளை பாட்டிலைப் பார்த்ததுமே வாந்தி எடுத்தாள்.

ஜூலை 27

கொய்யா வாங்கி நறுக்கிக் கொடுத்தேன். தட்டு சுவருக்குப் போனது. மறுபடி நறுக்கினேன். மறுபடியும் போனது. நாலு காய் போயிற்று.

ஜூலை 28

போனேன்.

மதினி கிரில் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடி மூக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வகுப்புக்குத் தாமதமாக வந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"கூப்பிட வந்தியா, கேக்க வந்தியா?"

"கேக்கத்தான்."

"அப்பம் கேளு."

"கொய்யாவ எப்படிக் கொடுப்பீய?"

"பழம் வாங்குனியா, காய் வாங்குனியா?"

"பழந்தான். காய் சளில்லா?"

"பழம் கொழகொழங்கும், மணக்கும். அவ எப்படித் திம்பா? பழுத்தும் பழுக்காத செங்காயா வாங்கணும். தோலச் சீவணும். நடுவுல வெதைய முழுசாத் தோண்டி எடுத்திரணும், ஒரு வெத இருந்தாலும் தொட மாட்டா. அப்புறம் சுத்த வெள்ளையா வரும். மெல்லிசா நறுக்கித் தட்டுல ஒண்ணுக்கொண்ணு தொடாம வைக்கணும்."

"வச்சா?"

"வச்சிட்டு அந்தாக்குல திரும்பி உக்காரணும். நீ தின்னு தின்னுன்னு வாயில கொண்டுபோய்த் திணிப்ப. நான் இருக்கேன்னே காட்டிக்கிட மாட்டேன். நான் குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டு இருப்பேன், அவ வந்து மேல சாஞ்சுக்கிட்டுத் தானா எடுத்துத் திம்பா. அம்புட்டுதான்."

நன்றி சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் உள்கதவைச் சாத்திவிட்டாள்.

ஜூலை 29

செங்காய். தோல் சீவி, விதை எடுத்து, தொடாமல் அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். என்னால் முடியவில்லை. எடுத்தாளா, எடுத்தாளா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் கழுத்து தானாகத் திரும்புகிறது. நான் திரும்பும்போதெல்லாம் அவள் கையை இழுத்துக்கொண்டாள். சாயங்காலம்வரை இருந்து துண்டெல்லாம் கறுத்துப்போனது. கறுத்ததை இனி எங்கே தொடப்போகிறாள்?

ராத்திரி ஈறைப் பார்த்தேன். ஓரத்தில் மறுபடி சிவந்திருக்கிற மாதிரி இருக்கிறது. என் கண்ணுக்கு அப்படித் தெரிகிறதோ என்னவோ.

ஜூலை 30

பிள்ளையை அங்கே அனுப்ப நான் சம்மதிக்கவில்லை, இவர்தான் போய் அக்காவிடம் அழுதிருக்கிறார். மதினி வந்தாள். எங்கள் கேட்டுக்கு வெளியே, தெருவில், பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கிரில் கம்பிக்கு அடியில் தட்டை உள்ளே தள்ளிவிட்டுக் குறுக்கெழுத்தை விரித்தாள்.

"அக்கா, உள்ள வாயேன்" என்றார் இவர்.

"ஒங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். தெருவுல உக்கார மாட்டேன்னு சொல்லல. தெரு கார்ப்பரேஷனுக்குச் சொந்தம்."

தாரிணி தவழ்ந்து போய்க் கம்பியோரம் ஒட்டி உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்தாள். முகர்ந்தாள். கடித்தாள். மூன்று மாதத்துக்கு மேல் கேட்காத அந்த ராகத்தை இழுத்தாள்.

எதிர்வீட்டு அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். மணி நாலு. எந்த ஊரில் மத்தியானம் நாலு மணிக்குக் கோலம் போடுகிறார்கள்? இந்தத் தெருவுக்கு இனி ஒரு வாரத்துக்குப் படம் பார்க்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 3

கொய்யா ஒன்று முழுசாக. இட்லி இரண்டு. மதினி ஐந்தாவது நாளாகத் தெருவில். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

மூச்சிரைப்பு வரவில்லை. அதையும் யாரும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டினால் பதில் தயாராக வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

டாக்டரம்மா தட்டிக்கொடுத்தாள், என்னை இல்லை, தாரிணியை. கொஞ்சம் கொஞ்சமாக நிற்கப் பழக்கலாம், ஆனால் ரொம்ப நேரம் நிற்கவிட வேண்டாம், எலும்பு இன்னும் பச்சைப் புண் என்றாள்.

ஆகஸ்ட் 9

இன்றைக்கு நாலு மணிக்கு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டதும் தாரிணி கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். இரண்டு காலிலும். நாற்பது நாளைக்கு அப்புறம். பின்னாலேயே நின்றிருந்த என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பி வழியாகக் கையை நீட்டி மதினியின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தோஷமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

துண்டு தின்றாள். உட்காரவில்லை. கால் நடுங்க ஆரம்பித்தது. "தாரி, உக்காரு" என்றேன், கேட்கவில்லை. இவர் தூக்கப் போனார், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினாள். மதினி நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து பார்த்தாள், இவளும் உட்காருவாள் என்று. மதினி படிக்குக் கீழே தாழ்ந்ததும் தாரிணி எட்டிப் பார்க்க இன்னும் எக்கி, கம்பியில் தொங்கினாள். முட்டி கிடுகிடு என்று ஆடியது.

மதினி எழுந்து என்னைப் பார்த்தாள். தெருவில் உட்கார ஆரம்பித்த இத்தனை நாளில் முதல் தடவை. "நான் போயிருதேன். நான் போனா உக்காந்திருவா" என்று நாற்காலியை எடுத்தாள். சேலை கையை விட்டுப் போனதும் தாரிணி நெற்றியைக் கம்பியில் இடிக்க ஆரம்பித்தாள்.

நான் கேட்டைத் திறந்தேன்.

"உள்ள வாங்க, மதினி."

நாற்காலியோடு நின்றாள். "யாரு கூப்பிடுதா?"

"நாந்தான்."

"அன்னைக்குச் சொன்னது?"

"சொல்லியிருக்கக் கூடாது."

"எத?"

டீச்சர் புத்தி. விடை தெரிந்தாலும் பிள்ளை வாயால் வரவேண்டும். எதிர்வீட்டம்மா கோலக் கிண்ணம் இல்லாமலே வெளியே வந்து நின்றுவிட்டாள். தாரிணியின் முட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"ஒங்க மகன் வராததச் சொன்னது. அதச் சொல்லியிருக்கக் கூடாது."

மதினி நாற்காலியைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். படியை மிதித்து உள்ளே வந்து, தாரிணிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தாள். தாரிணி அப்படியே சரிந்து அவள் மேல் சாய்ந்து காலை நீட்டினாள். நடுக்கம் நின்றது. மிச்சமிருந்த துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கடித்தாள்.

"நாளைக்குக் காய் நான் வாங்கி வைக்கேன்" என்றேன்.

மதினி குறுக்கெழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ வாங்குனா பழமால்லா வாங்கிட்டு வருவ. நானே வாங்குதேன். நீ மொதல்ல இந்தத் தரையத் தொடை. பிள்ளை தவழ்ந்த எடம், எம்புட்டு அழுக்குக் கெடக்கு பாரு."

நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பதில்கள் மொத்தமும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. தாரிணி கடைசித் துண்டை எடுத்தாள். நான் போய்த் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன்.